மாட்டுப்பட்டிக்குக் கால் நடும்போது செய்யும் தவறுகள்

ஹட்டன், நுவரெலியா பக்கம் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் போடும் மாட்டுப்பட்டி பெரும்பாலும் காலால்தான் சாய்கிறது. அந்தக் காலும் முழுக்க உளுப்பதில்லை. மண்மட்டத்துக்கு மேலே அரையடி, கீழே அரையடி, அவ்வளவுதான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கே. போதாக்குறைக்கு மாட்டு மூத்திரம் வேறு.

பருமனைப் பார்த்து மரம் எடுப்பதுதான் பெரிய தவறு. தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) நேராக, தடியாக இருக்கும். பலகைக்கு நல்லது, மண்ணில் புதைத்தால் சில மழைக்காலத்தோடு சரி. அல்பீசியா அதைவிட மோசம். முற்றிய டர்பன்டைன் (யூகலிப்டஸ்) நிற்கும். ஆனால் இளங்கம்பில் பெரும்பகுதி வெளிறிய வெள்ளை மரம். பூஞ்சணமும் பூச்சியும் முதலில் தின்பது அதைத்தான். அறுத்த முகத்தைப் பாருங்கள்: 6 அங்குலக் கம்பென்றால் நடுவில் நிறம் கறுத்த வைரம் 4 அங்குலமாவது இருக்கட்டும். சுற்றியுள்ள வெள்ளை உதிர்ந்தாலும் அது கூரையைத் தாங்கும். பலா வைரத்துக்கு ஈடில்லை, ஆனால் பலாவை வெட்ட அனுமதி எடுக்க வேண்டும். தோட்டத்து மரமானால் எதுவென்றாலும் துரையிடம் (தோட்ட மேலாளர்) கேட்காமல் கோடரி வைக்காதீர்கள்.

வெட்டிய கையோடு நடவும் கூடாது. பட்டையை உரித்து, கல்மேல் அடுக்கி, மழை படாமல் நான்கைந்து மாதம் காயவிடுங்கள். டர்பன்டைன் காயும்போது முனை பிளக்கும். இரு முனையிலும் கம்பியை இறுக்கிச் சுற்றிவிட்டால் பிளவு ஓடாது.

குழி இரண்டரை அடி. காலின் அடியையும் சேர்த்துச் சிமெந்தால் மூடுகிறார்கள். அது தண்ணீர் தேங்கும் கோப்பை. அடியில் அரையடி சல்லிக்கல் போட்டு, அதன்மேல் காலை நிறுத்தி, சுற்றிலும் மட்டும் கொங்கிரீட் போடுங்கள். மேல்முகம் தரைக்கு 3 அங்குலம் உயர்ந்து, வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். மரம் சுருங்கி இடைவெளி விழுந்தால் தாரால் அடையுங்கள்.

சரிவில் பள்ளப்பக்கக் கால்தான் ஏமாற்றும். அங்கே மேலே இருப்பது வெட்டிக் கொட்டிய மண். அதைத் தாண்டி, பழைய மண்ணில் இரண்டரை அடி இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தகரத்தைத் தூக்கும்போது காலும் சேர்ந்து எழும்பும். நடுவதற்கு முன் காலின் அடிப்பாகத்தில் நான்கைந்து ஆறங்குல ஆணியைப் பாதி வெளியே நிற்கும்படி அடித்தால் கொங்கிரீட் பிடித்துக்கொள்ளும்.

கழிவு எண்ணெய் பூசுவது வீண். மரத்துக்குள் ஆழமாக இறங்காது, மாடு நக்கும். மருந்தேற்றிய பழைய மின்கம்பத்தையும் மாடு நக்குமிடத்தில் நடாதீர்கள். துண்டு மிஞ்சினால் அடுப்பிலும் வைக்காதீர்கள்.