அன்ரெனா முன்னால் சுவருக்கு எத்தனை வோல்ற்று? எக்செலில் கணிப்போம்

"சேர், இணைவு உலைக்குள்ள பிளாஸ்மாவை, அதுதான் அயனும் இலத்திரனுமாப் பிரிஞ்ச வாயுவை, சூடாக்கத்தானே அன்ரெனாவால ரேடியோ அலை அனுப்பினம், பிறகேன் சுவர் அரிபடுது?" வெள்ளவத்தையில் என் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. காலி வீதி பஸ் இரைச்சலுக்கு மேலால் கத்திச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எரிபொருளான தியூத்திரியத்தின் (பார ஐதரசன்) அயன் இலத்திரனைவிட ஏறத்தாழ 3670 மடங்கு பாரம். இலத்திரன்கள் முந்திப்போய்ச் சுவரில் ஏற, சுவர் மறையாகி மிச்சத்தைத் தள்ளி நிறுத்தும். இலத்திரன் வெப்பநிலை (இங்கே அதைச் சக்தி அலகில் சொல்வோம்) 10 இலத்திரன்வோல்ற்று என்றால் இந்தத் தடுப்பு சுமார் 32 வோல்ற்று.

இனி அன்ரெனாவைப் போடுங்கள். பிரான்சில் கட்டப்படும் இணைவு உலையான ஐற்றரில் அயன் சூடாக்கலுக்கு 40 முதல் 55 மெகாஹேட்சு அலை. காந்தப்புலத்துக்குச் சமாந்தரமான மின்புலக் கூறு அன்ரெனா விளிம்பில் மிஞ்சினால், தடுப்பும் ஏறி இறங்கும். இறங்கும் அரைச்சுற்றில் இலத்திரன்கள் அடுக்குக்குறி வேகத்தில் பாயும். அயன்கள் அப்படிக் கூடுவதில்லை. கணக்குச் சமப்படத் தடுப்பின் சராசரி உயர்ந்தே ஆகவேண்டும். நம் இருவாயிச் சீராக்கம்தான், வேறு வேஷத்தில்.

எக்செலில் முதல் நிரலில் 0, 10, 20 என 350 பாகை வரை 36 வரி. அடுத்ததில் அவற்றை ஆரையனாக்குங்கள். மூன்றாவதில் அலையின் உச்ச வோல்ற்றை 10 ஆல் (இலத்திரன் வெப்பநிலை) வகுத்து, அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கி, அடுக்குக்குறிச் சார்பில் இடுங்கள். சராசரி எடுத்து, இயற்கை மடக்கை கண்டு, 10 ஆல் பெருக்கினால் மேலதிக வோல்ற்று.

நான் முதல் தடவை ஆரையனாக்க மறந்தேன். விடை சில வோல்ற்று மட்டுமே விலகியதால் இரண்டு நாள் பிடிபடவேயில்லை! உச்சம் 100 என்றால் 79 வரவேண்டும், 300 என்றால் 274. இவற்றோடு சரிபாருங்கள்.

32ஐக் கூட்டினால் 111, 306. ஓர் ஏற்றமுள்ள அயன் இத்தனை வோல்ற்றைக் கடந்தால் அத்தனை இலத்திரன்வோல்ற்று சக்தி பெறும். தியூத்திரியம் சுவர் உலோகமான தங்குதனை அரிக்கத் தொடங்க ஏறத்தாழ 220 இலத்திரன்வோல்ற்று வேண்டும். ஆக உச்சம் 300இல் ஆபத்து. 100இலும் நிம்மதியில்லை: பிளாஸ்மாவில் மாசாகக் கலந்த, நான்கு ஏற்றமுள்ள ஒட்சிசன் அயன் அதே 111இல் 444 இலத்திரன்வோல்ற்று பெறும், பாரமும் கூட. என் கண்ணில் மாசு அயன்கள்தான் பெரிய கள்ளர்.

ஜேர்மனியின் கார்ச்சிங்கிலுள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் என்ற இணைவு ஆய்வுப் பொறியில் மூன்று பட்டை அன்ரெனாவின் மின்னோட்டங்களை ஒன்றையொன்று ஈடுசெய்ய வைத்துத் தங்குதன் கசிவைக் குறைத்தார்கள். உங்கள் தாளில் உச்ச வோல்ற்றைப் பாதியாக்கிப் பாருங்கள், ஏனென்று புரியும்.