எல்லாமே 'கேஸ்' இல்லை: வயிறும் மனசும், நாம் செய்யும் தவறுகளும்

எங்கள் சித்தப்பா நான்கு வருஷமாகக் காலையில் பல் தேய்த்த கையோடு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார். நெஞ்சு படபடக்கும், மேல்வயிறு உப்பும், ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எல்லாமே ஒரு படி கூடும். கேட்டால் ஒரே பதில், "கேஸ்டா".

எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "தூக்கம் எப்படி சார்?" என்று கேட்டார். சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார். சித்திதான் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துடுவார் டாக்டர். கேட்டா ஏப்பம் வரலைம்பார்."

நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் 'கேஸ்' என்று பெயர் வைத்துவிட்டு, வயிற்றுக்கு மட்டும் வருஷக்கணக்கில் வைத்தியம் பார்ப்பது. மனசு சரியில்லை என்று சொல்ல வாய் வராது. வயிறு சரியில்லை என்று யாரிடமும் சொல்லிவிடலாம்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. குடல் சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பங்கு, கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. பயம் வந்தால் இரைப்பை மந்தமாகும், பெருங்குடல் வேகமெடுக்கும். மேலே உப்பசம், கீழே ஓட்டம். பரீட்சை அன்று காலை வயிற்றில் புளியைக் கரைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அதனால்தான் இதற்கு நேரெதிரான தவறும் எனக்கு எரிச்சல் தருகிறது: "டெஸ்ட் எல்லாம் நார்மல், உனக்கு ஒண்ணும் இல்லை, எல்லாம் மனப்பிரமை." ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் நோயில் வழக்கமான பரிசோதனைகள் நார்மலாகத்தான் வரும். ஆனால் வலி நிஜம். மற்றவர்களுக்குத் தெரியாத சின்ன அசைவைக்கூட அந்தக் குடல் வலியாக உணர்கிறது. இதற்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதித் தருவதுண்டு. வீட்டுக்கு வந்து யாராவது அந்தப் பெயரை கூகுளில் போட்டுப் பார்ப்பார்கள். "ஐயையோ, டிப்ரெஷன் மாத்திரை!" அத்தோடு அட்டை அலமாரிக்குள் போய்விடும். குடல் நரம்பின் கூச்சத்தைத் தணிக்கக் கொடுத்தது என்பதை டாக்டரும் எழுதும்போதே ஒரு வரி சொல்லியிருக்கலாம்தான்.

இதன் இன்னொரு வடிவம், மனச்சோர்வுக்காக செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றை ஆரம்பித்த முதல் வாரத்தில் நடக்கிறது. குமட்டும், வயிறு போகும்; "ஒத்துக்கலை" என்று தானாக நிறுத்திவிடுவார்கள். மனநிலையோடு தொடர்புள்ள, நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் ரசாயனம் செரோடோனின். உடம்பின் செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் உருவாவது குடலில்தான். செரோடோனினைத் தொடும் மாத்திரை முதலில் வயிற்றைத் தொடாமல் போகுமா? பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அது அடங்கிவிடும். மனசுக்குப் பலன் தெரிவதற்குத்தான் இன்னும் சில வாரம் ஆகும். தொந்தரவு கொடுக்கிற நாளில் விட்டுவிட்டால் பலன் கொடுக்கிற நாளைப் பார்க்கவே மாட்டோம். எழுதித் தந்தவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

அதே செரோடோனின் கணக்கை வைத்து, "குடலைச் சுத்தம் பண்ணுங்க, சந்தோஷம் தானா வரும்" என்று சொல்லும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. குடலில் உருவாகும் செரோடோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவேயுள்ள தடுப்பைத் தாண்டாது. அதன் வேலை குடலோடும் ரத்தத்தோடும். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

புரோபயாடிக் எனும் உயிருள்ள நல்ல பாக்டீரியா கேப்சூலுக்குக் காசைக் கொட்டுவதும் அப்படித்தான். 2011-இல் லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவில் ஒரு வகையைக் கொடுத்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது, உலகமே பேசியது. 2017-இல் அதையே ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது செய்தி வாட்ஸப்புக்கு வரவேயில்லை. இட்லியைப் புரோபயாடிக் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாவில் உயிரோடு இருந்த பாக்டீரியா ஆவியில் வெந்து செத்துப்போகும். இட்லி நல்ல உணவு, அது வேறு விஷயம். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் கொதிக்க வைக்காத தயிர், மோர்.

சாப்பாட்டுக்கு மனசோடு தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 67 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து நடந்த ஸ்மைல்ஸ் ஆய்வு 2017-இல் வெளியானது. 12 வாரம் காய்கறி, பயறு, முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்றியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது; பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கே. ஆய்வு சிறியது. அதில் பெரும்பாலோர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டேதான் சாப்பாட்டை மாற்றினார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரு கிண்ணம் சுண்டலில் ஆரம்பிக்காதீர்கள், வயிறு உப்பிவிடும். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

இரண்டு விஷயத்தில் விளையாடக் கூடாது. நெஞ்சில் பாரம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே ஈசிஜி எடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் 'டென்ஷன்' என்று தள்ளிவிடாதீர்கள்.

சித்தப்பாவுக்கு ரத்தம் எடுத்ததில் வைட்டமின் பி12 குறைவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அதன் மேல் நான்கு வருஷ பான்டோபிரசோல். இரண்டுமே பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. பி12 குறைந்தால் அசதியும் மறதியும் மனச்சோர்வும் வரலாம். வயிற்றுக்கென்று போட்ட மாத்திரை மனசில் போய் நிற்கலாம் என்று யார் நினைத்தார்கள்! பான்டோபிரசோலைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் இரண்டு மடங்காகத் திருப்பியடித்த மாதிரி இருக்கும் என்று டாக்டர் அதைப் படிப்படியாகக் குறைத்தார். பி12 ஊசி, கவுன்சிலிங், ராத்திரிக்கு ஒரு சின்ன அமிட்ரிப்டிலின். இப்போது விடிய விடியத் தூங்குகிறார். யாராவது அந்த ராத்திரி மாத்திரை என்னவென்று கேட்டால் மட்டும், "அதுவா, கேஸுக்கு" என்கிறார்.