கே.டி.வி. சமன்பாட்டின் பல்லுறுப்பித் தீர்வுகள்: வழமையாகச் சறுக்கும் இடங்கள்

ஹற்றனிலோ பதுளையிலோ உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்துவிட்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கே.டி.வி. (கோர்ட்டவெக்–டி விரீஸ்) சமன்பாட்டை, அதாவது ஆழமற்ற நீரின் அலைகளை விவரிக்கும் சமன்பாட்டை, தொடுகிறவர்களிடம் இரண்டு பழக்கங்கள் ஊறியிருக்கும். ஒன்று, விடையின் கடைசியில் ஒரு மாறிலியைச் சேர்ப்பது. மற்றது, இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் இன்னொரு தீர்வு வரும் என்று நம்புவது. இரண்டுமே இங்கே காலை வாரும்.

இடம் ய, நேரம் ந, அலை அ என்று கொள்வோம். அ-இன் ந-பெறுதி, 6அ × (அ-இன் ய-பெறுதி), அ-இன் மூன்றாம் ய-பெறுதி ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை பூச்சியம், இதுதான் சமன்பாடு. பல்லுறுப்பியாக வருவது அ அல்ல, அதைப் பிறப்பிக்கும் டௌ (τ) சார்பு. டௌவின் இயற்கை மடக்கையை ய குறித்து இருமுறை வகையிட்டு 2ஆல் பெருக்கினால் அ கிடைக்கும். டௌ = ய எனில் அ = −2/ய². டௌவின் மெய் மூலங்களில் அ முடிவிலிக்குப் போகும். அதைக் கணக்குப் பிழை என்று அழித்துவிடாதீர்கள்.

டௌவின் படியும் நம் விருப்பப்படி அமையாது: 1, 3, 6, 10 என்று முக்கோண எண்களாகவே வரும். டௌ = ய² என்று போட்டால் அ = −4/ய². சமன்பாட்டின் இரண்டாம் உறுப்பு −192/ய⁵, மூன்றாவது 96/ய⁵, வெட்டுப்படாது. இந்த −4/ய² என்பது −2/ய² என்ற தீர்வை அதனுடனேயே கூட்டியதுதான்; கூட்டும் பழக்கம் காலை வாருவது இங்கேதான்.

அடுத்த தீர்வு டௌ = ய³ + 12ந. இதைச் சரிபார்க்கும்போது அதிகம் தவறுவது ஹிரோட்டாவின் நான்காம் படிச் செயலியில் (ஹிரோட்டா வடிவம் என்பது சமன்பாட்டை டௌவின் இருபடிக் கோவையாக எழுதுவது). அதைச் சாதாரண நான்காம் பெறுதியாக எடுத்தால் பூச்சியம்தான் வரும். சரியான வடிவம் (2 என்ற பொதுக்காரணியை விட்டு): டௌ × நான்காம் பெறுதி − 4 × முதற் பெறுதி × மூன்றாம் பெறுதி + 3 × இரண்டாம் பெறுதியின் வர்க்கம். இது −72ய² + 108ய² = 36ய². நேரப் பகுதி (டௌ × ய, ந கலப்புப் பெறுதி − ய-பெறுதி × ந-பெறுதி) −36ய². அந்த 12 வருவது இதனால்தான்.

மாறிலிக்கு வருவோம். ய³ + 12ந-உடன் மாறிலி சேர்த்தால் பாதகமில்லை. நேரத்தின் தொடக்கம் நகர்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்கடுத்த டௌவான ய⁶ + 60ய³ந − 720ந²-உடன் தனி மாறிலி சேர்த்தால் தீர்வு உடையும். ஹிரோட்டா வடிவத்தில் ய² உறுப்பு மிஞ்சும். நேரத்தை நகர்த்துவதாக இருந்தால் 60ய³ந உறுப்பும் கூடவே மாற வேண்டும். விந்தை என்னவென்றால், அதே பல்லுறுப்பியுடன் எந்த மாறிலி மடங்கு ய-ஐயும் தாராளமாகச் சேர்க்கலாம். ய-க்கு எடை 1, ந-க்கு எடை 3 என்று வைத்தால் ஒவ்வோர் உறுப்பின் எடையும் 6. சேர்த்த ய-இன் குணகம் எடை 5 கொண்டது; அது கே.டி.வி. வரிசையின் (கே.டி.வி.யுடன் ஒத்துப்போகும் உயர்படிச் சமன்பாடுகளின் தொடரின்) அடுத்த நேர மாறி. ஆனால் குறி, மடங்கு பற்றிய சந்தேகங்கள் இந்த எடைக் கணக்கால் தீராது. எந்த நூலின் வழக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். டௌவை ஷூர் பல்லுறுப்பிகளிலிருந்து (பல நேர மாறிகளில் அமைந்த ஒரு பல்லுறுப்பிக் குடும்பம்) பெறுபவர்கள், அவற்றில் எடை 3 கொண்ட மூன்றாம் நேர மாறிக்கு −4ந என்று இட வேண்டும். இல்லையேல் ய³ − 3ந என்ற வேறொன்று கையில் நிற்கும்.

கையில் செய்ததைச் சோதிக்க ந = 1/3 இடுங்கள். ய³ + 4, ய⁶ + 20ய³ − 80 வந்தால் சரி. அவை யப்லொன்ஸ்கி–வொரொபியெவ் பல்லுறுப்பிகள்; இரண்டாம் பான்லவே சமன்பாடு என்ற நேரிலா வகையீட்டுச் சமன்பாட்டின் விகிதமுறு தீர்வுகளைத் தருபவை. உயர்படிகளில் கணினியை நாடினால், குணகங்களைத் தசமத்தில் விடாமல் முழு எண்களாகவே வைத்திருங்கள்.