வசைக்கு முடிவு கட்டிய பண்டில் சீட்டுகள்

2018-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் தையல் வேலை செய்தபோது, உற்பத்தி குறைகிறது என்று சொல்லி மேற்பார்வையாளர் என்னை எல்லோர் முன்னிலையிலும் வசைபாடி வந்தார். அவரிடம் தனியே பேசியதும் மேலாளரிடம் வாய்மொழியாக முறையிட்டதும் பயன்தரவில்லை, சான்று கேட்டார்கள். வசை விழுந்த நாளையும் நேரத்தையும் மூன்று வாரம் குறித்து வந்த பிறகுதான், அந்நாள்களில் எல்லாம் வெட்டிய துணிக் கட்டுகள் எனக்குத் தாமதமாகவே வந்திருந்தன என்பது புலப்பட்டது. கட்டோடு வரும் பண்டில் சீட்டில், அதை வழங்கிய நேரம் மேற்பார்வையாளரின் கையெழுத்திலேயே இருந்தது. எவரும் பார்க்காமல் எறிந்துவிடும் சீட்டு அது. பதினொரு சீட்டுகளின் நகலை இணைத்துக் குறைதீர்க்கும் குழுவிடம் எழுத்து மூலம் மனு அளித்து, ஒப்புகையும் பெற்றுக்கொண்டேன். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி அக்குழு 30 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். மூன்றாம் வாரத்திலேயே அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், எனக்கும் மூச்சு வந்தது.