காரின் புகைக்குழாயை வீட்டில் மெருகேற்றுவோர் செய்யும் தவறுகள்

மங்கிக் கறுத்த புகைக்குழாயைப் பார்த்தவுடன் உப்புத்தாளைக் கையில் எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. வெள்ளிபோல் மின்னுவதெல்லாம் எவர்சில்வர்தான் என்ற எண்ணமே இதற்குக் காரணம். பின்புறம் தெரியும் குழாய்முனை முழுவதும் எவர்சில்வராக இருக்கலாம், சாதாரண எஃகின்மேல் குரோமிய முலாம் பூசியதாகவும் இருக்கலாம். வண்டிக்கு அடியில் ஓடும் பகுதியோ பல கார்களில் அலுமினியம் பூசிய எஃகுதான். 304 வகை எவர்சில்வரில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உலோகம் முழுவதும் கலந்திருப்பதால், மேற்பரப்பைச் சற்றுத் தேய்த்து எடுத்தாலும் அடியில் அதே உலோகமே வெளிப்படும். குரோமிய முலாமின் நிலை அப்படியன்று. அதன் குரோமிய அடுக்கு பொதுவாக ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்கூட இல்லாதது என்பதால், உப்புத்தாளைக் கொண்டு சில முறை அழுத்தித் தேய்த்தாலே அது போய்விடும். முதலில் குரோமியத்தின் அடியில் பூசிய நிக்கலின் மஞ்சள் சாயல் தெரியும். பின்னர் துரு தெரியும். மறுபடி முலாம் பூசுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஆகவே முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது 304 வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக ஒட்டினால், முலாம் பூசிய எஃகாகவோ, ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே குரோமியம் கொண்ட 409 வகை எவர்சில்வராகவோ இருக்கலாம். காந்தத்தை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம்; வளைத்து உருவாக்கிய இடங்களில் 304 வகையும் இலேசாகக் காந்தத்தை ஈர்ப்பதுண்டு. கொப்புளமோ உரிந்த செதிலோ தென்பட்டால் அது முலாம்தான். முலாமில் உள்ள மெல்லிய துருவுக்கு, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மென்மையாகத் தேய்ப்பதே போதும், ஏனெனில் அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது. அலுமினியம் பூசிய சாம்பல் நிறக் குழாயைப் பளபளப்பாக்க முயலாமல் விட்டுவிடுவதே நல்லது. அந்தப் பூச்சு போனால் துரு பிடிப்பதைத் தடுக்க ஒன்றுமில்லை.

எவர்சில்வர் என்று உறுதியான பிறகு, பளபளப்பெல்லாம் மெருகுப் பசைக்குள் இருப்பதாக எண்ணுவது அடுத்த தவறு. முந்தைய கீறலைவிடச் சிறிய கீறலைப் போட்டுப் பெரிய கீறலை அழித்துக்கொண்டே போவதுதான் மெருகேற்றும் வேலை. எண் கூடக்கூட உப்புத்தாள் நுண்மையாகும்; 400 எண் தாளில் தொடங்கியவர் 800, 1200, 2000 என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். 400-இலிருந்து நேரே பசைக்குத் தாவினால், மினுங்கும் பரப்பின் அடியில் கோடுகள் அப்படியே நிற்கும், வெயிலில் பார்த்தால் கண்ணைக் குத்தும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், பழைய கோடுகள் மறைந்தனவா என்பது தெளிவாகத் தெரியும். இந்த எளிய உத்தியைப் பலர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். தாளை நனைத்துத் தேய்ப்பதும், அடுத்த எண்ணுக்குப் போகுமுன் குழாயைக் கழுவுவதும் அவசியம். ஒரு முரட்டு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க நேரும். அதே காரணத்தால், தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

பாத்திரம் துலக்கும் சாதாரண இரும்பு நாரை எவர்சில்வரின்மேல் பயன்படுத்தினால், அதன் நுண்துகள்கள் பரப்பில் பதிந்து சில நாட்களில் செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். குழாயே மட்டமானது என்று பழி வேறு சுமத்தப்படும். கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலம், குளோரின் கலந்த வெளுப்பான் ஆகியவற்றின் குளோரைடு, எவர்சில்வரைக் காக்கும் குரோமிய ஆக்சைடு படலத்தை ஊடுருவி ஊசிக்குழிகளை உண்டாக்கும்.

துளைபொறியில் மெருகுச் சக்கரத்தைப் பொருத்துவோர் அதை ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தக் கூடாது, குழாயின் விளிம்பை நோக்கிச் சுழலவும் விடக் கூடாது. விளிம்பில் மாட்டினால் பொறி கையைவிட்டுத் திமிறும். கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றும் வேண்டும். டீசல் எஞ்சினின் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவதென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியிருப்பதால், அதன் கரியை வெறுங்கையால் துடைப்பது தேவையற்ற துணிச்சல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும், தண்ணீர் புகாதிருக்கக் குழாய்க்குள் அடைத்த துணியை எடுக்காமல் எஞ்சினை இயக்குவதும், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் அலங்கார வேலையை ஆபத்தாக்கிவிடும்.

குழாய் முற்றிலும் ஆறிய பிறகே தொட வேண்டும். சூடான பரப்பில் பசை உடனே காய்ந்து கறையாக ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் எஞ்சிய பசையையும் விரல் ரேகையின் எண்ணெயையும் துடைத்தெடுக்காவிட்டால், அடுத்த ஓட்டத்தில் அவை வெந்து பழுப்பு நிறமாகப் படியும். கார் உடலுக்கான சாதாரண மெழுகைப் பூசுவதில் பயனில்லை. அந்த வெப்பத்தில் அது உருகிப் போய்விடும். எஞ்சினுக்கு அருகிலுள்ள எவர்சில்வர், சூட்டினால் வைக்கோல் மஞ்சளாகவும் நீலமாகவும் மாறுவது இயல்பே. அந்த நிறத்தைத் தேய்த்தெடுத்தாலும் சில பயணங்களில் திரும்பிவிடும் என்பதால், உழைப்பைக் கண்ணுக்குத் தெரியும் குழாய்முனையோடு நிறுத்திக்கொள்வதே என் வழக்கம்.