சென்னையில் மேயர் தேர்தல்: வேட்பாளரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த நான்கைந்து இளைஞர்கள் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலர்கள் அடங்கிய இப்போதைய மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த மேயராக யார் வந்தால் நல்லது, எந்தக் கட்சி யாரை நிறுத்தும், அவருக்கு நிர்வாகம் தெரியுமா என்று ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. "சரி, நம் வார்டில் யார் யார் நிற்பார்கள் என்று பேச்சு அடிபடுகிறது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கு வார்டு எண்ணே தெரியவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2011இல் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தத் தவறுக்கு எங்கள் தெரு கொடுத்த விலையைப் பார்த்த பிறகுதான் சங்க வேலையில் இறங்கினேன். 2022 தேர்தலின்போது வேட்பாளர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து மக்களோடு உட்கார்ந்து பேச வைத்தோம். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பணம் வாங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேயருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று நினைப்பது

இந்தக் குழப்பத்துக்கு மக்கள் மட்டும் காரணமில்லை. விதி அடிக்கடி மாறியிருக்கிறது. 1996இல் சென்னை மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் வந்தார். 2001இலும் நேரடித் தேர்தல்தான், அவரே வென்றார். 2006இல் முறை மாறியது. கவுன்சிலர்கள் கூடி மா. சுப்பிரமணியனை மேயராக்கினார்கள். 2011இல் திரும்பவும் நேரடித் தேர்தல். சைதை துரைசாமி வென்றார். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். இடையில் 2019 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்று வந்து, மறுபடி மறைமுகத் தேர்தல் என்று ஆனது. 2022 பிப்ரவரி 19 அன்று 200 வார்டுகளுக்கு நாம் ஓட்டுப் போட்டது கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். மார்ச் 4 அன்று மாமன்றத்தில் கவுன்சிலர்கள் கூடியபோது 74ஆவது வார்டில் வென்ற ஆர். பிரியா போட்டியின்றி மேயரானார்.

ஆகவே 2011இல் ஓட்டுப் போட்டவர்களுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று மேயருக்கு, ஒன்று கவுன்சிலருக்கு. 2022இல் ஒன்றே ஒன்று. அந்தப் பழைய நினைப்பு இன்னும் பலர் மனத்தில் அப்படியே இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் பகுதி 2011 வரை ஊராட்சியாக இருந்தது. அந்த ஆண்டுதான் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. நாங்களும் சென்னைக்காரர்கள் ஆனோம். எனக்கு அது முதல் மாநகராட்சித் தேர்தல். மேயர் வேட்பாளர்கள் எல்லோரைப் பற்றியும் படித்தேன். தொலைக்காட்சி விவாதம் ஒன்றையும் விடவில்லை. அலுவலகத்தில் சாப்பாட்டு வேளை முழுக்க அதே பேச்சு. வாக்குச்சாவடிக்குப் போனேன், மேயருக்கான ஓட்டை யோசித்து வைத்திருந்தபடி போட்டேன். அப்புறம் கவுன்சிலர் ஓட்டு. அங்கே இருந்த பெயர்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மேயருக்குப் போட்ட அதே சின்னத்தைத் தேடிப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று வினாடி ஆகியிருக்கும்.

அப்போது எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் பாதியில் நின்றிருந்தது. தெருக்கோடியில் கால்வாய்க்கு இன்னும் 200 அடி இருக்கும்போதே முடிந்துவிட்டிருந்தது. ஒரு மணி நேரம் மழை பெய்தால் தண்ணீர் வடிகால் வழியாகவே திரும்பித் தெருவுக்குள் வரும். மாநகராட்சியில் சேர்ந்தாயிற்று, இனி சரியாகிவிடும் என்று நம்பியிருந்தோம். எட்டு மாதம் கழித்து நாலைந்து பேர் சேர்ந்து கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய மனம் முழுக்கச் சமுதாயக் கூடம் ஒன்றில் இருந்தது. அதைத்தான் முதலில் முடிக்கப் போவதாகச் சொன்னார். "தேர்தல் நோட்டீஸிலேயே போட்டிருந்தேனே சார்" என்றார்.

போட்டுத்தான் இருந்தார். அதை நான் படித்தது 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. வீட்டுக்குள் தண்ணீர் வந்த இரவில் அகப்பட்டதையெல்லாம் பரணில் ஏற்றினோம். வடிந்த பிறகு பழைய பேப்பர் கட்டை இறக்கிப் பிரித்தபோது 2011 தேர்தல் நோட்டீஸ்கள் நான்கைந்து அதற்குள் இருந்தன. கவுன்சிலரின் நோட்டீஸில் முதல் வரியே சமுதாயக் கூடம். இன்னொன்று, சுயேச்சையாக நின்று தோற்றவருடையது. அதன் பின்பக்கத்தில் எங்கள் பகுதியின் வடிகால்கள் எங்கே தொடங்கி எங்கே நிற்கின்றன என்று கையால் வரைந்த படம் இருந்தது. எங்கள் தெருவும் அதில் இருந்தது. விடுபட்ட இடத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

அந்த வடிகால் இணைக்கப்பட்டிருந்தால் 2015 வெள்ளத்தைத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். அது வேறு அளவு மழை. ஆனால் 2012, 2013, 2014 என்று ஒவ்வோர் ஆண்டும் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கே முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளி வேனுக்கு நடந்தோமே, அது தேவையே இல்லாமல் பட்ட பாடு. அந்த நோட்டீஸ் என் வீட்டுக் கதவிடுக்கில்தான் செருகப்பட்டிருந்தது. இதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அதனால்தான் 2022இல் அதே காட்சியைத் திரும்பப் பார்த்தபோது பொறுக்க முடியவில்லை. மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது என்று ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். 200 கவுன்சிலர்களில் அந்தத் தகுதி உள்ளவர்கள் மட்டுமே மேயராக முடியும். அதற்குப் பிறகும் டீக்கடையில் பெரிய பெரிய ஆண் தலைவர்களின் பெயர்களை வைத்துப் பத்து நாள் விவாதம் நடந்தது. எங்கள் வார்டில் நின்றவர்களின் பெயர்களை அந்தப் பத்து நாளில் ஒருவர்கூட உச்சரிக்கவில்லை.

கட்சியைப் பார்க்கவே கூடாதா என்று கேட்பார்கள். பார்க்கலாம். உங்கள் கவுன்சிலருக்கு மேயர் தேர்தலில் ஓர் ஓட்டு உண்டு, அது கட்சிப்படிதான் விழும். ஆனால் கணக்கையும் பாருங்கள். 2022இல் திமுக மட்டும் 153 வார்டுகளில் வென்றது. அப்படி ஒரு முடிவு வரும்போது உங்கள் வார்டில் யார் வென்றாலும் மேயர் மாறப்போவதில்லை. உங்கள் தெருவுக்கு வருகிறவர் மட்டும் மாறுவார். என் வரிசை இதுதான்: முதலில் ஆள், அவருக்கு வார்டு எவ்வளவு தெரியும் என்பது, அதற்குப் பிறகு கட்சி. வேறு வரிசை வைத்திருப்பவர்களோடு சண்டையில்லை, ஆளைப் பற்றி ஒரு மாலையாவது விசாரித்துவிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

மாநகராட்சி கையில் இல்லாததைக் கேட்பது

வேட்பாளர் கூட்டத்தில் பாதி நேரத்தைத் தின்பது இதுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை, பாதாளச் சாக்கடை பொங்குகிறது என்றால் அது குடிநீர் வாரியம். மின்தடை மின்வாரியம். திருட்டு, போக்குவரத்து நெரிசல் காவல்துறை. பட்டா வருவாய்த்துறை. ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை. பெரிய ஏரிகளும் ஆறுகளும் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன.

மாநகராட்சியின் பொறுப்பு என்றால் உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம், கொசு ஒழிப்பு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி. கேள்விகளை இதற்குள் வைத்துக்கொண்டால் வேட்பாளர் நழுவ முடியாது.

மழைநீர் வடிகாலையும் பாதாளச் சாக்கடையையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்னும் நிறைய. 2022 கூட்டத்தில் இதையே ஒரு சோதனையாக வைத்தோம். "தெருமுனையில் கழிவுநீர் தேங்குகிறது, நீங்கள் வந்தால் யாரிடம் போவீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். ஒருவர் "வந்த மறுநாளே நானே நின்று சரி செய்வேன்" என்றார். கைதட்டல் அவருக்குத்தான். இன்னொருவர், வீட்டுக் கழிவுநீர் இணைப்பை யாரோ மழைநீர் வடிகாலில் விட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும், விட்டிருந்தால் அது மாநகராட்சி வேலை, இல்லையென்றால் குடிநீர் வாரியப் பொறியாளரிடம் போக வேண்டும் என்றார். அவருக்கு யாரும் கைதட்டவில்லை. அந்த இரண்டாவது பதில்தான் வார்டை அறிந்தவருடைய பதில்.

பெண் வேட்பாளரை விட்டுவிட்டு அவர் கணவரிடம் பேசுவது

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. எங்கள் கூட்டத்துக்கு வந்த பெண் வேட்பாளர் ஒருவரோடு கணவரும் வந்திருந்தார். நாற்பது நிமிடம் கேள்விகள் எல்லாம் கணவரை நோக்கியே போயின. அவரும் பதில் சொல்லிக்கொண்டே போனார். மைக் அருகே உட்கார்ந்திருந்த நானே அதைக் கவனிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "ஏம்மா, ஓட்டு உனக்கா அவருக்கா? நீ பேசு" என்ற பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா எழுந்தார். அங்கன்வாடிக் கட்டடத்தில் கழிப்பறைக் கதவு உடைந்து ஒன்றரை வருடம் ஆகிறது என்பதிலிருந்து தொடங்கிப் பதினைந்து நிமிடம் பேசினார். கணவருக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது எங்கள் சங்கத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மேடையில் வேட்பாளருக்கு மட்டும் நாற்காலி. மனைவி, கணவர், அண்ணன், மாவட்டப் பொறுப்பாளர் யாராக இருந்தாலும் கீழே உட்கார வேண்டும். தேர்தலுக்கு முன்பே நாம் கணவரிடம் பேசிப் பழகிவிட்டால், பிறகு ஐந்து வருடமும் கையெழுத்து ஒருவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது என்று ஆகிவிடுகிறது.

உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்தை மட்டும் பார்ப்பது

வேட்புமனுவோடு வேட்பாளர் தாக்கல் செய்யும் அந்தப் பத்திரத்தில் வழக்கு, தொழில், முகவரி மூன்றையும் பாருங்கள். மாநகராட்சி ஒப்பந்த வேலைகளோடு குடும்பத்தில் யாருக்காவது தொடர்பு உண்டா என்று நேரிலேயே கேளுங்கள்.

சட்டமன்றத் தேர்தலுக்குப் போன பூத்துக்கே போய் நிற்பது

வார்டு எல்லை வேறு, தொகுதி எல்லை வேறு. வார்டு வாரியான பட்டியலில் பாகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நம் ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது என்பது

2022இல் சென்னையில் வாக்குப்பதிவு 43 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். வராதவர்கள் வந்தவர்களைவிட அதிகம்.

ஆணையரை மறந்துவிடுவது

மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குவார். அன்றாட நிர்வாகம் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையர் கையில். மண்டலம் ஒவ்வொன்றிலும் அதிகாரிகள். ஆக, "நான் உத்தரவு போட்டுவிடுவேன்" என்று பேசும் கவுன்சிலர் வேட்பாளரை நம்ப வேண்டாம். மாமன்றத்தில் கேள்வி எழுப்புவீர்களா, மண்டலக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போவீர்களா, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையைக் கூட்டுவீர்களா, வார்டு மேம்பாட்டு நிதியை முதலில் எதற்குச் செலவிடுவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு வேலையின் பெயரைச் சொல்ல வையுங்கள். ஐந்து வேலைகளை அடுக்குகிறவர் இன்னும் எதையும் யோசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாக்குறுதியைக் காதால் மட்டும் வாங்குவது

2022இல் ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கினோம். பேச வந்த ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பக்கம். தாங்கள் செய்யப்போகும் முதல் வேலையை அவர்களே தங்கள் கையெழுத்தில் எழுத வேண்டும், தேதி போட வேண்டும். இரண்டு பேர் மறுத்தார்கள். அவர்கள் மறுத்ததையும் அந்தந்தப் பக்கத்தில் எழுதிவைத்தோம். வென்றவர் எழுதியிருந்தது எங்கள் 200 அடி வடிகாலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போவோம். இரண்டாவது மழைக்காலத்துக்கு முன் வேலை முடிந்தது. போன மாதக் கூட்டம் கலைந்த பிறகு அந்த நோட்டை இளைஞர்களிடம் கொடுத்தேன். வார்டு எண் தெரியாத இருவரில் ஒருவர்தான் அதை வாங்கி வைத்திருக்கிறார். யார் யார் நிற்கிறார்கள் என்று விசாரித்துப் பெயர் சேகரிக்கிற வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.