சிங்கப்பூரில் கள்ளித் தோட்டம் பார்ப்பது எப்படி?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழையில்லாத நாளிலும் காற்றின் ஈரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேரில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே அழுகிவிடும் செடியை இந்த ஊரில் வளர்ப்பதென்றால், அது ஏறக்குறைய வானிலையோடு போடும் வழக்குதான். ஆகவே கள்ளித் தோட்டத்திற்குள் நுழைந்ததும் செடியைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை கூரையையும் ஒருமுறை தரையையும் பாருங்கள். மேலே மழையைத் தடுக்கும் கூரையோ கண்ணாடியோ இருக்கும். கீழே சரளைக் கல்லும் மணலும் கலந்து, நீர் நிற்காமல் வடியும்படி மேடாக்கப்பட்ட பாத்தி இருக்கும். தோட்டக்காரர்களின் உழைப்பில் பாதி அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள ஃபிளவர் டோம். 2012இல் திறக்கப்பட்ட இந்தக் கண்ணாடிக் குளிர்மாடத்தின் பரப்பு 1.2 ஹெக்டர்; உள்ளே ஏறத்தாழ 23 முதல் 25 பாகை வெப்பமும், வெளியே இருப்பதைவிட மிகவும் உலர்ந்த காற்றும் இருக்கும். பலரும் கீழ்த்தளத்தில் பருவத்துக்குப் பருவம் மாறும் சக்குராவையும் துலிப்பையும் படமெடுக்க விரைந்து இறங்கிவிடுவதால், மேல்தளத்தில் இருக்கும் கள்ளிப் பகுதி கூட்ட நாளிலும் ஓரளவு அமைதியாகவே இருக்கும். நீங்கள் மேலேயே நின்றுவிடுங்கள். உள்ளூர்வாசிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வயதானவர்களை அழைத்துச் செல்வதானால் ஒரு சால்வை எடுத்துக்கொள்வது நல்லது. கட்டணம் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் அதே வளாகத்தில் உள்ள சன் பெவிலியனுக்கோ, 1859இல் தொடங்கப்பட்டு 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்) இருக்கும் சன் கார்டனுக்கோ செல்லலாம்.

வார நாளின் காலை நேரமே சிறந்தது. கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். வெயில் சாய்வாக விழுவது அதைவிடப் பெரிய காரணம். உச்சி வெயிலில் முள் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். அதே செடிக்குப் பின்னாலிருந்து ஒளி வரும்போது, ஒவ்வொரு முள்ளும் விளக்கேற்றியது போலத் தனித்தனியாகத் துலங்கும். படம் எடுப்பவர்கள் ஒளிக்கு எதிர்ப்புறமாக நின்று, இருண்ட பின்னணி அமையும்படி சற்றுக் குனிந்து எடுத்தால் கைப்பேசியே போதும். என் பையில் எப்போதும் இருப்பது ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி. அது இல்லாமல் போனால் பாதிதான் பார்த்ததாக எனக்குத் தோன்றும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். நாம் 'கள்ளி' என்று ஒரே சொல்லால் அழைப்பவை உண்மையில் இரண்டு வேறு குடும்பங்கள். ஊரில் வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் ஆமணக்கின் உறவுக்காரச் செடிகள். கிள்ளினால் பால் வடியும். பழந்தமிழ்ப் பாட்டின் பாலை நிலத்தில் நிற்கும் கள்ளியும் இந்த வகைதான். ஆங்கிலத்தில் கேக்டஸ் எனப்படும் குடும்பமோ, ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. ஒரே ஒரு இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி அந்த அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த வந்தேறி. கரிசல் காட்டில் அதன் பழத்தைத் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்ட என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் சில நிமிடம் என்னோடு பேசவே இல்லை.

இரண்டையும் பிரித்தறிய செடியைக் கிள்ள வேண்டியதில்லை, கிள்ளவும் கூடாது. முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று மட்டும் பாருங்கள். கேக்டஸ் குடும்பத்தில் முள்கள் நேராகத் தண்டிலிருந்து முளைப்பதில்லை. பஞ்சை உருட்டி ஒட்டியது போன்ற சிறு திட்டு ஒன்று இருக்கும், முள்ளும் பூவும் கிளையும் அந்தத் திட்டிலிருந்தே வரும். அதற்கு அரியோல் என்று பெயர். நம் ஊர்ப் பால்கள்ளியில் அந்தப் பஞ்சுத் திட்டு இருக்காது; முள்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகத் தண்டின் விளிம்போடு ஒட்டியே நிற்கும். இந்த ஒரு அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினால், ஒன்றுபோல் தெரிந்த செடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். பெயர்ப் பலகையை அதற்குப் பிறகு படியுங்கள். முதலில் படித்துவிட்டால் கண் சோம்பிவிடும்.

அடுத்ததாக ஏதாவது ஒரு செடியைத் தேர்ந்து அதன் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மெக்சிகோவைச் சேர்ந்த பொன்னிறப் பீப்பாய்க் கள்ளி இதற்கு ஏற்றது. உருண்டையான உடலில் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகள் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போன்றவை: நீர் கிடைக்கும்போது விரியும், வறட்சியில் சுருங்கும், தோல் கிழிவதில்லை. முள்கள் இலைகளின் உருமாற்றம். விலங்குகளைத் தடுப்பதோடு உடலுக்கு நிழலும் தருகின்றன. இச்செடிகள் பகலில் தோலின் நுண்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதை உணவாக்குகின்றன. ஆகவே நீங்கள் பார்க்கும் நேரத்தில் அது மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது எனலாம். பீப்பாயின் உச்சியில் மஞ்சள் பஞ்சு வளையம் இருக்கும். பூத்தால் அந்த வளையத்தில்தான் பூக்கும். பக்கத்தில் குட்டையான மாமிலேரியா வகை ஏதேனும் இருந்தால், அதன் முகடுகள் சுழன்று செல்லும் வரிசைகளை இரு திசையிலும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் 8, 13, 21 என்ற வரிசையின் எண்களே விடையாக வரும். அரைமணி நேரம் அவர்கள் எதையும் தொட மாட்டார்கள்.

தொடுவது பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்ட முள் பார்வைக்குத் தெரிவதால் அதில் ஆபத்து குறைவு. சப்பாத்திக்கள்ளி வகைகளின் அரியோலில் கொத்தாக இருக்கும் மயிரிழை போன்ற நுண்முள்களே பொல்லாதவை. ஒவ்வொன்றின் நுனியிலும் தூண்டில் போன்ற பின்வளைவு உண்டு. ஒரு நாற்றுப்பண்ணையில் பழுப்பு வெல்வெட் புள்ளி வைத்த சிறு தொட்டியொன்றின் விலைச்சீட்டைப் பார்க்கத் திருப்பினேன். இரண்டு நாள் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. குத்திவிட்டால் தேய்க்காதீர்கள், வாயால் கடித்தும் எடுக்காதீர்கள். அகலமான செலோடேப்பை ஒட்டி ஒரே இழுப்பில் உரித்து, மிச்சத்தை இடுக்கியால் எடுங்கள். பால்கள்ளியைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்கினால் அது வேறு வகைத் துன்பம், உடனே நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டியிருக்கும்.

விமானப் பயணத்திற்காகச் செல்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. சாங்கி முதல் முனையத்தின் புறப்பாட்டுப் பகுதியில் மூன்றாம் தளத்தில் திறந்தவெளிக் கள்ளித் தோட்டம் இருக்கிறது. குடிநுழைவைத் தாண்டியவர்கள் மட்டுமே செல்ல முடியும். ஊருக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக உள்ளே சென்றால், வரி விலக்குக் கடைகளில் சுற்றுவதைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

திரும்பும் வழியில் கடையில் தொட்டி வாங்க ஆசை வரும். பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை உட்கார்ந்திருக்கும் செடி ஒட்டுக் கட்டியது: மேலே இருப்பதற்குப் பச்சையம் இல்லை, தானாகப் பிழைக்காது, கீழே உணவூட்டும் தண்டு பெரும்பாலும் நாம் தட்டில் அரிந்து வைக்கும் டிராகன் பழக்கொடி. செடியின் உச்சியில் காகிதம் போல் மொரமொரப்பான பூ இருந்தால், அது பசை வைத்து ஒட்டியதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட அழகான கேக்டஸ் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்திலேயே இருக்கக்கூடும். சிலர் பிரம்மகமலம் என்றும் சிலர் நிஷாகந்தி என்றும் சொல்லும் கொடி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தொங்கிக்கொண்டிருந்த மொட்டின் கழுத்து மேல்நோக்கி வளைந்து நுனி உப்பினால், பூ அன்றிரவோ மறுநாளிரவோ விரியும். எட்டு மணிக்கு மேல் நாற்காலி போட்டு உட்காருங்கள்; நள்ளிரவை ஒட்டி முழுதாக விரிந்து, விடிவதற்குள் வாடிவிடும். வாடியதை எறிந்துவிடாமல் வையுங்கள். என் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அதை உலர்த்தி சூப்பில் போடுவதற்காகக் காலையில் கேட்டு வருவார்.